பெரியப்பாவின் நர்சிங் ஹோமும் 541 கேள்விகளும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சொல்லலாம், அது எப்பவும் சொல்ற சாக்கு. நிஜக் காரணம் வேற. நாலு மாசமா எங்க குடும்பத்துல ஒரு பஞ்சாயத்து. அதுல நாட்டாமையா என்னைய உக்கார வச்சுட்டாங்க. தீர்ப்பு சொல்றதுக்காகப் படிக்க ஆரம்பிச்சது, கடைசியில தொண்ணூறு வருஷ வரலாறுக்குள்ள கொண்டு போய் விட்டுருச்சு. அதைத் தான் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒரு விளக்கம். நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா டாக்டர் வீட்டு மாடியில நாலு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. நான் பொறந்ததே அப்படி ஒரு இடத்துல தான். அமெரிக்காவுல அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. தானா எந்திரிக்க, குளிக்க, சாப்பிட முடியாத பெரியவங்க மாசக்கணக்கா, வருஷக்கணக்கா தங்கற இடம் அது.

எங்க பெரியப்பா 1970-கள்ல நியூ ஜெர்சி வந்தவர். இன்ஜினியர். நாலு மாசம் முன்னாடி பக்கவாதம் வந்துச்சு. வலது கை, கால் வரலை. பேச்சு குழறுது. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா நர்சிங் ஹோம். பெரியம்மாவுக்கு 78 வயசு, அவங்களால அவரைத் தூக்க முடியாது.

அக்கா வீடு அங்கேர்ந்து இருபது நிமிஷம். வாரத்துல மூணு நாள் மதியம் போயிட்டு வருவா. அண்ணன் இருக்கறது பாஸ்டன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காரை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வந்து நிப்பான்.

அக்கா சொல்றது: "நல்லாத் தான்டா பாத்துக்கறாங்க. நான் போறப்ப ஷேவ் பண்ணி, சட்டை மாத்தி, வீல் சேர்ல ஜன்னல் பக்கம் உக்கார வச்சிருக்காங்க. அந்த ஹெய்ட்டி பொண்ணு அவரை 'பாப்பா'ன்னு கூப்பிடுது. பெத்த பொண்ணு நான், எனக்கே அவ்வளவு பொறுமை கிடையாது."

அண்ணன் சொல்றது: "பெல் அடிச்சு நாப்பது நிமிஷம்டா. வாட்ச்சப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். மனுஷன் ஈரத் துணியிலயே கிடந்தார். அவளுக்கு அந்த ஹோம் வீட்டுக்குப் பக்கம், அதான் நல்லாருக்குங்கறா."

இது அக்கா காதுக்குப் போச்சு. "மாசத்துக்கு ரெண்டு நாள் வந்துட்டுக் குறை கண்டுபிடிக்கறது சுலபம்"னா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கலை. பெரியப்பாவை பாஸ்டன் பக்கம் மாத்தணும்ங்கறான் அண்ணன். மாத்தினா பெரியம்மாவும் நாப்பது வருஷமா இருக்கற வீட்டை விட்டுப் போகணும். ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட சொன்னது ஒரே வாக்கியம்: "நீ தான் பொட்டி தட்டறவனாச்சே, நெட்ல பாத்து சொல்லேன்."

பாத்தேன். அமெரிக்க அரசாங்கமே ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் ஓட்டல் மாதிரி நட்சத்திரம் குடுக்குது. இந்த ஹோமுக்கு அஞ்சுல நாலு. அக்கா "பாத்தியா"ன்னா. அண்ணன் ஒரு கேள்வி கேட்டான். "அந்த நட்சத்திரத்தை யார்ரா குடுக்கறா? எங்கப்பா கிட்டக் கேட்டாங்களா?"

நல்ல கேள்வி. பதில் தேடினா 1935-ல போய் நிக்குது.

*

அதுக்கு முன்னாடி வரை அமெரிக்காவுல காசும் ஆளும் இல்லாத வயசானவங்களுக்கு இருந்தது 'புவர் ஹவுஸ்'. கவுன்ட்டி நடத்தற ஏழை விடுதி. கிழவர்கள், மனநோயாளிகள், குடிகாரர்கள், அநாதைகள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ. அங்க போய்ச் சாகறதை விடக் கேவலம் இல்லன்னு ஜனங்க பயந்த இடம்.

1935-ல ரூஸ்வெல்ட் சோஷியல் செக்யூரிட்டி சட்டத்துல கையெழுத்துப் போட்டார். ஏழை முதியவங்களுக்குக் கையில பணம் குடுக்க மாநிலங்களுக்கு ஃபெடரல் அரசு உதவும். ஆனா ஒரு நிபந்தனை: அரசு விடுதியில இருக்கறவங்களுக்குக் கிடையாது. புவர் ஹவுஸை ஒழிச்சுக் கட்டணும், காசு இருந்தா பெரியவங்க தங்க வீட்டுலயே இருப்பாங்கங்கற நல்ல எண்ணம்.

நம்ம பாஷையில சொன்னா ஒரே ஒரு இஃப் கண்டிஷன். ஆனா படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குக் காசு வந்தாலும் பாத்துக்க ஆள் வேணுமே? அரசு விடுதியில இருந்தா காசு இல்ல, தனியார் வீட்டுல இருந்தா உண்டு. அதனால தனியார் ஆட்கள் தங்களோட பெரிய வீடுகள்ல கட்டில் போட்டு, ஒரு நர்ஸை வச்சு, அந்தக் காசை வாங்கிக்க ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவோட தனியார் நர்சிங் ஹோம் தொழில் பெருகினது இப்படித் தான். 1950-ல சட்டத்தைத் திருத்தி, இந்த இடங்களுக்கு மாநிலங்கள் லைசென்ஸ் முறை வச்சிருக்கணும்னு சொன்னாங்க. தொழில் தொடங்கிப் பதினஞ்சு வருஷம் கழிச்சு!

1954-ல இன்னொரு திருப்பம். ஆஸ்பத்திரிக் கட்டில்கள்ல வயசானவங்க மாசக்கணக்காப் படுத்திருந்ததால, தனியா நர்சிங் ஹோம் கட்ட அரசு மானியம் குடுத்துச்சு. குடுத்தது ஆஸ்பத்திரி கட்டறதுக்கான ஹில்-பர்ட்டன் திட்டத்துக்குக் கீழ. அதான் இன்னிக்கும் நீள வராந்தா, நடுவுல நர்ஸ் மேசை, ஒரு ரூமுக்கு ரெண்டு கட்டில். பெரியப்பா இப்ப வசிக்கற இடம், வீடு மாதிரி யோசிச்சுக் கட்டினது இல்ல.

அப்புறம் 1965. ஜூலை 30-ந் தேதி ஜனாதிபதி ஜான்சன் மெடிக்கேர், மெடிக்கெய்டு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் அக்டோபர் 3-ந் தேதி சுதந்திர தேவி சிலைக்குக் கீழ உக்காந்து குடியேற்றச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். பெரியப்பா மாதிரி ஆசியாக்காரங்க இங்க வரக் கதவு திறந்தது ரெண்டாவது கையெழுத்து. இன்னிக்கு அவர் படுத்திருக்கற கட்டிலுக்குப் பணம் வர வழி பண்ணினது மொதல் கையெழுத்து. ஒரே பேனான்னு சொல்ல முடியாது, ஒரே கை :-)

மெடிக்கேர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றவங்களுக்கு அதிகபட்சம் 100 நாள் வரை தான் குடுக்கும், அதுலயும் 21-வது நாள்லேர்ந்து நம்ம பங்கு உண்டு. அதுக்கு மேல கைக்காசு. கைக்காசு கரைஞ்சு போனப்புறம் தான் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு. இன்னிக்கு நர்சிங் ஹோம்ல இருக்கறவங்கள்ல பத்துக்கு ஆறு பேருக்குப் பணம் குடுக்கறது மெடிக்கெய்டு தான். பெரியப்பாவுக்கு 100 நாள் முடிஞ்சுருச்சு. இப்பக் கரைஞ்சுக்கிட்டிருக்கறது பெரியம்மாவோட வங்கிக் கணக்கு.

*

பணம் வந்துச்சு. தரம்?

மெடிக்கேர் ஆரம்பிச்சப்ப ஆயிரக்கணக்குல நர்சிங் ஹோம்கள் விண்ணப்பம் போட்டாங்க. விதிகள் எல்லாத்தையும் பூர்த்தி பண்ணினது சில நூறு தான். மத்தவங்களை ஒதுக்கினா கட்டில் பத்தாது. அதனால 'ஏறக்குறைய தேறிட்டாங்க'ன்னு ஒரு புது வகையை உருவாக்கி உள்ள விட்டாங்க. பக் இருக்குன்னு தெரிஞ்சே ரிலீஸ் பண்றது சாஃப்ட்வேர்ல மட்டும் இல்ல பாருங்க.

விளைவு அடுத்த பத்து வருஷத்துல வந்துச்சு. 1970 ஜனவரியில ஒஹையோ மாநிலம் மரியட்டாவுல ஒரு நர்சிங் ஹோம் தீ விபத்துல முப்பது பேருக்கு மேல செத்தாங்க. 1974-ல செனட்டர் ஃபிராங்க் மாஸ் தலைமையிலான துணைக்குழு, நர்சிங் ஹோம் விஷயத்துல அரசுக் கொள்கையே தோத்துப் போச்சுன்னு தலைப்பு வச்சே அறிக்கை குடுக்க ஆரம்பிச்சுது. 1975-ல நியூயார்க்ல இதுக்குன்னே தனி அரசு வக்கீல் நியமிச்சாங்க. அங்க பெரிய நர்சிங் ஹோம் முதலாளியா இருந்த பெர்னார்ட் பெர்க்மன் 1976-ல மோசடிக் குற்றத்தை ஒத்துக்கிட்டார். ஃபெடரல் கோர்ட் குடுத்த தண்டனை நாலே மாசம்.

இவ்வளவு நடக்கறப்ப இன்ஸ்பெக்டர்கள் என்ன பண்ணிட்டிருந்தாங்க? சோதனை நடந்துச்சுங்க. படிவம் எல்லாம் ஒழுங்கா நிரப்பினாங்க. பிரச்சனையே அந்தப் படிவம் தான்.

1975-ல கொலராடோவுல நர்சிங் ஹோம்ல இருந்த மைக்கேல் ஸ்மித்தும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டாங்க. "எங்களுக்குப் பணம் குடுத்தா மட்டும் போதாது, அந்தப் பணத்துக்கு நிஜமாவே கவனிப்பு கிடைக்குதான்னு பாக்கறதும் உங்க வேலை"ங்கறது அவங்க வாதம். ஒன்பது வருஷம் இழுத்து 1984-ல அப்பீல் கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அந்த வழக்குல வெளிய வந்த ஒரு கணக்கு என்னால மறக்க முடியலை. இன்ஸ்பெக்டர் நிரப்ப வேண்டிய படிவத்துல மொத்தம் 541 கேள்வி. அதுல நோயாளியோட கவனிப்பைக் கொஞ்சமாவது தொடற கேள்வி வெறும் 30.

மீதி 511-ம் அந்த ஹோமால கவனிப்புக் குடுக்க முடியுமாங்கறதைப் பத்தி. குடுத்தாங்களாங்கறதைப் பத்தி இல்ல. கட்டில்ல இருக்கற மனுஷனை ஏறெடுத்தே பாக்காம, ஒரு ஹோமைப் பாஸ் பண்ணி விடலாம்.

1985-ல இதைத் தலைகீழாத் திருப்பினவங்க எல்மா ஹோல்டர் தொடங்கின ஒரு தேசிய அமைப்பு. 15 நகரங்கள்ல, நர்சிங் ஹோம்ல இருக்கற 400-க்கும் மேற்பட்ட பெரியவங்களையே உக்கார வச்சு, "நல்ல கவனிப்புன்னா உங்களுக்கு என்னம்மா, என்னய்யா?"ன்னு கேட்டாங்க. மொதல்ல வந்த பதில் கட்டடம் இல்ல, மருந்து கூட இல்ல. பாத்துக்கற ஆட்கள். அன்பாப் பேசற ஆள், தேவையான அளவுக்கு ஆள்.

அடுத்த வருஷம் தேசிய மருத்துவக் கழகத்தோட அறிக்கை, அதுக்கடுத்து 1987 டிசம்பர்ல ரீகன் கையெழுத்துப் போட்ட சீர்திருத்தச் சட்டம். உதவியாளர்களுக்குக் குறைஞ்சது 75 மணி நேரப் பயிற்சி. முன்கூட்டிச் சொல்லாம சோதனை. சோதனைக்கு வர்றவங்க அங்க இருக்கறவங்க கிட்டப் பேசணும். குடும்பத்துக்காரங்க கூடிச் சங்கம் வச்சுக்கலாம். காரணமில்லாமக் கட்டிப் போடக் கூடாது. ஆமாங்க, 1980-கள்ல பத்துக்கு நாலு பேர் வரை கட்டில்லயோ நாற்காலியிலயோ கட்டி வைக்கப்பட்டிருந்தாங்க. இன்னிக்கு நூத்துக்கு ஒண்ணு ரெண்டு கூடத் தேறாது. பெரியப்பா ஜன்னல் பக்கம் கட்டில்லாம உக்காந்திருக்கறதுக்கு அந்தச் சட்டத்துக்குத் தான் நன்றி சொல்லணும்.

*

நட்சத்திரம் வந்தது 2008 டிசம்பர்ல. மூணு கணக்கைக் கூட்டித் தர்றது: சோதனை முடிவு, ஆள் எண்ணிக்கை, படுக்கைப் புண், கீழ விழறது மாதிரியான தரக் குறியீடுகள். கடைசி ரெண்டையும் அந்தக் காலத்துல ஹோமே எழுதிக் குடுக்கும். பரிட்சையும் எழுதி, மார்க்கும் தானே போட்டுக்கற மாதிரி. 2014-ல நியூயார்க் டைம்ஸ் இதைத் தோண்டி எடுத்துப் போட்டுச்சு.

2016-லேர்ந்து சம்பளப் பட்டியலை வச்சு, ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை பாத்தாங்கன்னு கட்டாயம் அனுப்பணும்னு ஆச்சு. 2018-ல அந்தக் கணக்கு நட்சத்திரத்துக்குள்ள வந்தப்ப குட்டு உடைஞ்சுது. முன்னாடி சொன்னதை விட நிறைய ஹோம்கள்ல ஆள் கம்மி. அதுலயும் சனி, ஞாயிறுன்னா கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி இறங்குது. 2022 ஜூலையிலேர்ந்து வார இறுதி ஆள் எண்ணிக்கையையும், வேலையை விட்டுப் போறவங்க விகிதத்தையும் நட்சத்திரத்துல தனியாச் சேத்தாங்க.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரக் கவனிப்புன்னு நாடு முழுக்க ஒரே எண் வைக்க 2024-ல விதி வந்துச்சு, 3.48 மணி நேரம். 2025-ல டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட் அதை ரத்து பண்ணிருச்சு.

சரி, அண்ணனோட கேள்விக்குப் பதில்? "எங்கப்பா கிட்டக் கேட்டாங்களா?" சோதனைக்கு வர்றப்ப சிலர் கிட்டக் கேப்பாங்க. ஆனா நட்சத்திரக் கணக்குல அங்க இருக்கறவங்க திருப்தியும் இல்ல, குடும்பத்தோட திருப்தியும் இல்ல. ஒஹையோ, மினசோட்டா மாதிரி மாநிலங்கள் தனியா சர்வே எடுத்துப் போடறாங்க, அவ்வளவு தான்.

குடும்பம் வெறும் பார்வையாளர் இல்லங்கறதை 2020 காட்டுச்சு. மார்ச் மாசம் கொரோனாவுக்காக நாடு முழுக்க நர்சிங் ஹோம் கதவைச் சாத்தினாங்க. ஏறக்குறைய ஒரு வருஷம் பிள்ளைங்க ஜன்னலுக்கு வெளிய நின்னு கையாட்டினாங்க. சோறு ஊட்டினது, தண்ணி குடுத்தது, "அம்மா காலைப் பாருங்க, வீங்கியிருக்கு"ன்னு சொன்னது, எல்லாம் நின்னு போச்சு. அந்தப் பிள்ளைங்க எவ்வளவு வேலை பாத்திருக்காங்கன்னு அப்பத் தான் பல ஹோம்களுக்கே புரிஞ்சுது.

*

இதெல்லாம் படிச்சப்புறம் தான் எனக்கு மண்டையில உறைச்சுது. அக்கா போறது செவ்வாய், புதன், வியாழன், மதியம் ரெண்டு மணி. அண்ணன் போறது ஞாயிறு சாயங்காலம். ரெண்டு பேரும் ஒரே ஹோமைப் பாக்கலை!

அந்தச் சம்பளப் பட்டியல் கணக்கு யார் வேணா இறக்கிக்கற மாதிரி இணையத்துல இருக்கு. இறக்கி, நாலு வரி பைத்தான் எழுதி, பெரியப்பாவோட ஹோமை மட்டும் எடுத்துக் கிழமை வாரியாக் கோடு போட்டுப் பாத்தேன். புதன்ல மேடு, சனி ஞாயிறுல பள்ளம். எல்லா வாரமும். இன்னொரு எண்ணும் கண்ணுல பட்டுச்சு: ஒரு வருஷத்துல நர்ஸ்கள், உதவியாளர்கள்ல பாதிப் பேருக்கு மேல மாறியிருக்காங்க. இதெல்லாம் கூட்டித் தான் அந்த நாலு நட்சத்திரம்.

படத்தை ரெண்டு பேருக்கும் அனுப்பி 'ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்'னு தீர்ப்பு எழுதலாம்னு உக்காந்தேன். எழுத முடியலை. நாலு மாசத்துல நான் பெரியப்பாவைப் போய்ப் பாத்தது ரெண்டே தடவை. 541 கேள்விக்காரனைக் கிண்டல் பண்ணிட்டு, நானும் கட்டில் பக்கம் போகாமலே படிவம் நிரப்பிட்டிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பிப் போனேன். அக்கா, அண்ணன் சண்டை எதுவும் சொல்லலை. "பெரியப்பா, இங்க உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?"ன்னு மட்டும் கேட்டேன். பதில் வர ரொம்ப நேரம் ஆச்சு. ஒவ்வொரு வார்த்தையாச் சேத்துச் சொன்னார்.

"பகல்ல... பரவால்ல. ராத்திரி... யார் வருவான்னு தெரியல. புது ஆளு... எந்தக் கை வராதுன்னு தெரியாது. வராத கையப் புடிச்சு... இழுக்கறாங்க."

அக்காவுக்கும் இது தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல அங்க எங்க குடும்பத்துல யாரும் இருந்ததே இல்ல.

மறுநாள் அக்கா நர்ஸ் கிட்டப் பேசி, பெரியப்பா சம்மதத்தோட, கட்டிலுக்கு மேல பெரிய எழுத்துல ஒரு தாள் ஒட்டினா: 'வலது கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.' ஸ்பானிஷ்லயும் ஒண்ணு. கவனிப்புத் திட்டக் கூட்டம்னு அப்பப்ப நடக்கும், குடும்பமும் உக்காரலாம். அடுத்த கூட்டத்துல அண்ணன் வீடியோவுல வந்து, ராத்திரிக்கு முடிஞ்ச வரை ஒரே ஆளைப் போடுங்கன்னு கேட்டான். முயற்சி பண்றோம்னு சொல்லியிருக்காங்க. பாப்போம். நடக்கலைன்னா அடுத்து ஆம்பட்ஸ்மன். நர்சிங் ஹோம்ல இருக்கறவங்களுக்காகப் பேசற ஆள், 1978 சட்டத்துலேர்ந்து ஒவ்வொரு மாநிலத்துலயும் உண்டு, காசு கிடையாது.

நான் சொன்ன தீர்ப்பு ஒண்ணே ஒண்ணு தான். ஒரு மாசத்துக்கு ரெண்டு பேரும் நாள் மாத்திப் போங்க. அண்ணன் லீவு போட்டு ஒரு புதன்கிழமை வந்தான். ராத்திரி போன் பண்ணி, "டேய், அந்த ஹெய்ட்டி பொண்ணு தங்கமான பொண்ணுடா"ன்னான். அக்கா ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனா. பெல் அடிச்சுட்டு அவளும் மணி பாத்திருக்கா. இருபத்தஞ்சு நிமிஷம். "அவன் கிட்டச் சொல்லிடாத"ன்னு மெசேஜ் வந்துச்சு :-)

பெரியப்பா இன்னும் அதே ஹோம்ல தான் இருக்கார். மாத்தணுமா வேணாமான்னு இன்னும் முடிவாகலை. ஆனா ரெண்டு பேரும் இப்பப் பேசிக்கறாங்க. நான் வாரம் ஒரு ராத்திரி போறேன்.

உங்க வீட்டுலயும் யாராவது ஒருத்தர் "நல்லா இருக்கு", இன்னொருத்தர் "மோசம்"னு சொல்லிட்டிருந்தா, யார் பொய் சொல்றாங்கன்னு தேடறதுக்கு முன்னாடி, யார் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போறாங்கன்னு கேளுங்க. அப்புறம் யாருமே போகாத நேரத்துல ஒரு தடவை போய், கட்டில்ல இருக்கறவங்க கிட்டக் கேளுங்க. பதில் மெதுவாத் தான் வரும், உக்காந்து கேளுங்க.